பாய்க்கப்பலின் பக்க ஒதுக்கம்: ஒரு கணித விவாதத்தின் வரலாறு

பாய்க்கப்பல் காற்று வீசும் திசையில் மட்டும் ஓடுவதன்று. காற்றுக்குக் குறுக்காகவும், ஓரளவு அதனை எதிர்த்துச் சரிந்தும் ஓடவல்லது. பாயின்மீது காற்றுத் தரும் விசை கப்பலை முன்னே செலுத்துவதோடு பக்கமாகவும் தள்ளுகின்றது. ஒடுங்கி நீண்ட கப்பலுடல் முன்செல்கையிற் சிறுதடையையும், பக்கமாக நகர்கையிற் பெருந்தடையையும் நீரிடமிருந்து பெறும். ஆதலின் அது தன் அணியம் நோக்குந் திசையினின்றுஞ் சற்று ஒதுங்கியே செல்லும். இவ்வொதுக்கத்தைக் குறைத்து மதிப்பிடும் மாலுமி கரையிலோ பாறையிலோ மோத நேரிடும்.

இதனைக் கணிதத்தால் அறுதியிட முயன்ற தொடக்க நூல்களுள் ஒன்று, பிரான்சியக் கடற்படைப் பொறியியலாளர் பேர்னார் றெனோ 1689இல் வெளியிட்டதாகும். அவர் வெறும் ஏட்டறிஞரல்லர். 1682இல் அல்ஜியர்சைத் தாக்கிய குண்டுவீச்சுக் கப்பல்களை வகுத்தவர் அவரே.

1693இல் ஒல்லாந்த அறிஞர் கிறிஸ்தியான் ஹைஜன்ஸ் அவரை மறுத்தார். முன்னோக்கிய வேகத்தையும் பக்க வேகத்தையும் தனித்தனியே கணித்துக் கூட்டிய முறையிலேயே குற்றம் உளது என்றார். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. எனவே விசைகளையே கூறுபடுத்தல் வேண்டும். வேகங்கள் அவற்றின் வர்க்கமூலங்களுக்கேற்ப அமையும் என்பது அவர் வாதம்.

விளக்கத்தின்பொருட்டு, இரு திசைகளிலும் ஒத்த தடை பெறும் மிதவையொன்றைக் கொள்வோம். அதனை 9 அலகு விசை முன்னும் 4 அலகு விசை பக்கத்தும் தள்ளுகின்றன. விசை விகிதமே வேக விகிதமெனின் ஒதுக்கம் ஏறக்குறைய 24 பாகை. வர்க்கமூலங் கொள்ளின் வேகங்கள் 3:2 ஆக, ஒதுக்கம் ஏறக்குறைய 34 பாகையாகும். பத்துப் பாகை வேறுபாடு கடலிற் சிறிதன்று.

ஹைஜன்ஸ் 1695இல் மறைந்தார், விவாதம் மறையவில்லை. 1714இல் யொகான் பேர்ணூலி தமது நூலில் றெனோவின் முறையைப் பிழையெனக் காட்டினார். எனினும், சரிவாகத் தாக்கும் பாய்மத்தின் விசை கோணத்தின் சைன் வர்க்கத்துக்கேற்ப மாறும் என்னும் அக்கால விதி எஞ்சியிருந்தது. 1775இல் பொசூ, தலம்பேர், கொந்தோர்சே ஆகியோர் பாரிசில் மாதிரிக் கலங்களை நீரில் இழுத்துச் சோதித்தபோது, சிறுகோணங்களில் அவ்விதி பொருந்தாமை தெளிவாயிற்று. காற்றை எதிர்த்து ஓடுங் கப்பலுக்கோ சிறுகோணங்களே இன்றியமையாதவை. பாயும் கப்பலின் அடிப்பாகமும் சிறகுபோலத் தொழிற்படுகின்றன என்னும் விளக்கம், 20ஆம் நூற்றாண்டின் பாய்ம இயக்கவியலின் பின்னரே உறுதிபெற்றது.

மாலுமிகள் கைப்பழக்கத்தால் நெடுங்காலம் ஆண்டுவந்த ஒன்றைக் கணிதம் இவ்வாறு படிப்படியாகவே எட்டிப் பிடித்தது. விசையையும் வேகத்தையும் வேறுபிரித்துக் காணக் கற்பித்ததே அவ்விவாதத்தின் நிலைத்த பயனாகும்.