நாற்றத்தில் மறைந்த இரு செல்வங்கள்

நான் பள்ளியில் இரசாயனம் கற்பித்த காலத்தில், கிப்புக் கருவியின் குழாயைத் திறந்ததும் வகுப்பு முழுவதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு செய்யும் வேலை அது. ஒருநாள் மாணவன் ஒருவன், "ஐயா, இந்த நாற்றத்தால் உலகுக்கு என்ன பயன்?" என்று வினவினான். அன்று அவனுக்கு நான் பாதி விடைதான் கூறினேன். மீதி விடையை வரலாற்றிலே தேட வேண்டும்.

1791-இல் லெப்ளாங்க் என்னும் பிரெஞ்சுக்காரர், கந்தக அமிலத்தின் துணையால் உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அத்தொழில் இங்கிலாந்தில் பெருகியது. விட்னஸ் போன்ற ஊர்களில் கால்சியம் சல்பைடு கலந்த கழிவு குன்றெனக் குவிந்தது. மழையும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் பட்டு, அக்குன்றுகள் ஓயாமல் இந்நாற்றத்தைக் கக்கின. விலை கொடுத்து வாங்கிய கந்தகமே ஊராரை வருத்தும் கேடாயிற்று.

இவ்வாயு காற்று மிகுதியாக இருந்தால் முற்றும் எரிந்து கந்தக டையாக்சைடும் நீரும் ஆகும். காற்றைக் குறைத்தால் கந்தகம் தனியே படியும். இவ்வுண்மையைத் தொழிலாக்கியவர் லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய இரசாயனியாகிய கிளாஸ். 1883-இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில், வாயுவும் அளவான காற்றும் சூடான இரும்பு ஆக்சைடுப் படுகையின் வழியே சென்றன. ஓல்ட்பரியில் ஆலை நடத்திய அலெக்சாண்டர் சான்ஸ், சோடாக் கழிவிலிருந்து வாயுவைப் பிரித்து இம்முறையால் கந்தகத்தை மீட்டார். ஆயினும், எழுந்த வெப்பத்தை விரைவில் அகற்ற இயலாமையால் வேலை மெதுவாகவே நடந்தது. 1930-களில் ஜெர்மானியர் இக்குறையைத் தீர்த்தனர். வாயுவில் மூன்றில் ஒரு பங்கை உலையில் எரித்து, அவ்வெப்பத்தால் நீராவி உண்டாக்கினர். எரிந்து விளைந்த கந்தக டையாக்சைடை எஞ்சிய இரு பங்குடன் வினைபுரியச் செய்தனர். இன்றும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நடப்பது பெரும்பாலும் இதுவே.

ஆனால் இங்கே ஓர் இழப்பு உண்டு. எண்ணெயிலுள்ள கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். அதை இயற்கை எரிவாயுவிலிருந்து செலவு செய்து பெறுகிறார்கள். கந்தகத்துடன் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடான பின், அதே ஹைட்ரஜன் உலையில் எரிந்து வெறும் நீராகிவிடுகிறது. ஒரு செல்வத்தை மீட்க மற்றொன்றை விடுகிறோம்!

இதற்கு மாற்று இல்லையா? நீரைப் பிளக்கத் தேவைப்படும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆற்றல், அதே அளவு ஹைட்ரஜனை இவ்வாயுவிலிருந்து பிரிக்கப் போதும். ஆதலின் ஆய்வாளர்கள் நுண்துளைகள் கொண்ட பீங்கான் படுகையில், காற்றைக் குறைத்து, வாயுவில் ஒரு பகுதியை மட்டும் எரித்துப் பார்த்தனர். அவ்வெப்பத்தால் மறுபகுதி ஹைட்ரஜனாகவும் கந்தகமாகவும் பிளந்தது. எனினும் ஆயிரம் டிகிரி அளவிலான வெப்பம் வேண்டும். மெல்லக் குளிர்ந்தால் பிரிந்தவை மீண்டும் கூடிவிடும். ஹைட்ரஜனைத் தனியே எடுப்பதும் எளிதன்று. ஆகவே இம்முறை கிளாஸின் உலையை இன்னும் வெல்லவில்லை.

கந்தகத்தை மீட்டவர்களின் கதையை அந்த மாணவனுக்கு இன்று என்னால் சொல்ல முடியும். ஹைட்ரஜனையும் சேர்த்து மீட்டவரின் கதையைச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை. அக்கதையை எழுதும் பணி உங்கள் தலைமுறைக்கு உரியது.