கெனீஸாவில் கிடந்த கணக்கேடுகள்

ஓதி ஓதித் தேய்ந்துபோன குர்ஆன் பிரதிகளைக் காலடி படாத இடத்தில் புதைப்பதும், நீரில் விடுவதும் நம்மிடையே நெடுநாளைய வழக்கம். இறைவனின் திருப்பெயர் மிதிபடலாகாது என்னும் பேணுதலே அதற்குக் காரணம். யூதர்களிடத்தும் இப்பேணுதல் உண்டு. இறைநாமம் தாங்கிய தாள்களை அவர்கள் எறிவதில்லை. தொழுகைக்கூடத்தின் ஓர் அறையில் சேர்த்து வைத்துப் பின்னர் புதைப்பார்கள். அவ்வறைக்குக் ‘கெனீஸா’ என்று பெயர். நாம் வழங்கும் ‘ஜனாஸா’ என்ற சொல்லோடு உறவுடைய சொல் அது.

பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கெனீஸாவில் சேர்ந்த தாள்கள் புதைக்கப்படாமலே பல நூற்றாண்டுகள் கிடந்தன. எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது. 1896-97ஆம் ஆண்டுகளில் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அங்குச் சென்று, பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுவந்தார். அங்கு மட்டும் சுமார் 1,90,000 ஏட்டுத் துண்டுகள் உள்ளன.

யூதர்களின் பழந்தாள்கள் நமக்கு எதற்கு என வாசகர்கள் கேட்கலாம். அக்கடிதங்களிற் பெரும்பாலானவை அரபி மொழியில் அமைந்தவை. எழுத்து மட்டுமே எபிரேயம். தமிழை அரபி எழுத்தில் எழுதி ‘அரபுத்தமிழ்’ வளர்த்த நம் முன்னோரின் வழி போன்றதே அது. கடிதத்தின் தலைப்பில் அருளாளனின் பெயர் கூறித் தொடங்கும் முறையும் நமக்கு அந்நியமன்று.

அந்தத் தாள்களில் வேதமும் உண்டு. ரொட்டிக் கணக்கும் உண்டு. ஃபுஸ்தாத்தின் யூத சமூகம் வாரம் இருமுறை ஏழைகளுக்கு ரொட்டி வழங்கிற்று. பெற்றோர் யாரென அப்பட்டியல்கள் காட்டுகின்றன: விதவைகள், கண் தெரியாதவர்கள், ரோம நாட்டிலிருந்து வந்த அந்நியர்கள். 1099இல் சிலுவைப் போராளிகள் ஜெருசலேமைக் கைப்பற்றி, முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தனர். எஞ்சியோரிற் பலர், ஃபாத்திமிய ஆட்சியிலிருந்த அஸ்கலான் நகருக்கு வந்து சேர்ந்தனர். கைதிகளைப் பணம் கொடுத்து மீட்கவும், கொள்ளை போன நூல்களைத் திரும்ப வாங்கவும் அவ்வூர்ப் பெரியோர் எகிப்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மூன்று கைதிகளை மீட்க நூறு தீனார் என்பது அக்காலத்து வழக்கமான விலை.

நம் இந்தியாவும் அவ்வேடுகளில் உண்டு. துனீசியாவின் மஹ்தியா நகரிலிருந்து வந்த இப்னு யிஜு என்னும் வணிகர் மங்களூரில் வெண்கலப் பட்டறை வைத்துப் பல்லாண்டு வாழ்ந்தார். 1148இல் சிசிலியின் நார்மானியர் மஹ்தியாவைப் பிடிக்கவே, அவருடைய உடன்பிறந்தார் வறுமையுற்றுச் சிசிலியில் ஒதுங்கினர். 1149இல் ஏடன் திரும்பிய இப்னு யிஜு, ‘என்னிடம் வாருங்கள், நம் எல்லோருக்கும் போதுமானது இருக்கிறது’ என்னும் கருத்தில் அவர்களுக்கு எழுதினார். தம் மகளை உடன்பிறந்தார் மகனுக்கே மணமுடித்துக் கொடுப்பதாகவும் சொன்னார். 1156இல் அத்திருமணம் நிகழ்ந்தது. மங்களூரில் ஈட்டிய பொருள் மத்தியதரைக் கடலோரத்து அகதிக் குடும்பத்திற்கு ஆதரவாயிற்று என்பதை நாம் அறிவது இக்கடிதத்தால்தான்.

அச்சமூகம் இவ்வழக்கத்தைப் பின்னாளில் விழிப்புடனே பின்பற்றிற்று. 1914இல் அமெரிக்காவில் தோன்றிய யூதக் கூட்டு நிவாரணக் குழு, உலகெங்கும் தான் செய்த உதவிகளின் ஆவணங்களை நியூயார்க்கிலும் ஜெருசலேமிலும் காத்து வருகிறது. சிதறிப்போன பலர் தம் பாட்டன் பாட்டியரின் பெயரை அங்குத் தேடிக் கண்டெடுக்கின்றனர்.

இதனைப் படிக்கையில் நம் நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. நைனார்பாளையத்தில் நாம் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய இளமையில், ஒரு வீட்டார் பரணிலிருந்து இறக்கிய பெட்டியை நம்மிடம் ஒப்படைத்து, ‘ஹஜ்ரத், பழைய கிதாபுகள், பேணுதலாகப் புதைத்துவிடுங்கள்’ என்றார்கள். உள்ளே சிதைந்த குர்ஆன் ஏடுகளோடு, அரபுத்தமிழில் எழுதிய கணக்கு நோட்டு ஒன்றும் இருந்தது. 1942இல் பர்மாவிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களுக்காக வீடுதோறும் தண்டிய அரிசிக் கணக்கு அது. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், எத்தனை படி என்று வரிசையாக எழுதியிருந்தது. இரண்டு பக்கம் புரட்டினோம். பிஸ்மில்லாஹ் எழுதியிருந்ததால் அதனையும் சேர்த்தே புதைத்தோம். நம் மண் எகிப்து மண் அன்று. ஒரு மழைக்காலம் போதும்.

பல்லாண்டு கழித்து ஒருவர் வந்து, பர்மாவிலிருந்து வந்த தம் பாட்டியார் இப்பக்கத்தில் எந்த ஊரில் தங்கினார் என்று தெரியுமா எனக் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

ஆகவே, எவர் வீட்டுப் பரணிலாவது அத்தகைய பெட்டி இருக்குமாயின், புதைக்குமுன் அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அத்தகையோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். திருவசன ஏடுகளை மண்ணிடம் ஒப்படையுங்கள். கணக்கு நோட்டுகளையும் கடிதங்களையும் பள்ளிவாசல் அலமாரியில் வையுங்கள். அவற்றைத் தேடி ஒருவர் வருவார்.