ஆளைத் தேடக் கப்பலைத் தேடு: பழைய பதிவேடுகளில் மாலுமிகள்

ஓசூரில் கடல் இல்லை. சிப்காட் ஆலைகளின் சரக்கு கண்டெய்னர் லாரிகளில் சென்னைத் துறைமுகத்துக்கு இறங்குவதோடு இவ்வூருக்கும் கடலுக்குமான உறவு முடிந்துவிடுவதாகத் தோன்றும். ஆனால் கப்பல் வேலைக்குப் போன தாத்தாவைத் தேடும் பேரன் இங்கும் இருக்கலாம். அவர் முதலில் சரிசெய்துகொள்ள வேண்டியது மாவட்டத்தின் பெயர். ஓசூர் உள்ள கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். தருமபுரி மாவட்டமே 1965இல்தான் பிறந்தது. அதற்கு முன் ஓசூர் வட்டம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. எனவே நூறாண்டுப் பழைய ஏட்டில் 'சேலம்', 'மதராஸ்' என்ற பெயர்களில்தான் தேட வேண்டும்.

பிரிட்டிஷ் கப்பல் தலைவர்கள் தங்கள் ஆட்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் ஆட்பட்டியலையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என 1835இல் சட்டம் வந்தது. பெயர், வயது, பிறந்த ஊர், முந்தைய கப்பல், வேலை, கூலி, ஏறிய நாள், இறங்கிய நாள் எனப் பின்னாளில் பத்திகள் பெருகின. ஒருவரின் உழைப்பு முழுவதும் இந்தப் பத்திகளில் அடங்கிக் கிடக்கிறது. ஆனால் பட்டியல்கள் ஆட்பெயரின்படி அடுக்கப்படவில்லை. 1855 முதல் ஒவ்வொரு கப்பலுக்கும் தரப்பட்ட அலுவல் எண்ணின்படியே அடுக்கப்பட்டன. கப்பல் கைமாறிப் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. ஆளைக் கண்டுபிடிக்க அவர் ஏறிய கப்பலை முதலில் பிடிக்க வேண்டும்.

ஏடுகளும் ஓரிடத்தில் இல்லை. பத்தில் ஒரு பங்கு லண்டனின் கியூ பகுதியிலுள்ள ஆவணக்காப்பகத்தில் உள்ளது. ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்குரியவை கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1863 முதல் 1938 வரையிலானவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1915ஆம் ஆண்டுப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் படியெடுத்து இணையத்தில் தேடும்படி செய்துள்ளனர்.

ஆசிய மாலுமிகளை இவற்றில் தேடுவது கடினம். 1823ஆம் ஆண்டுச் சட்டம் 'லஸ்கர்' எனப்பட்ட இவர்களை பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருத மறுத்தது. அவர்களுக்குத் தனி ஒப்பந்தம், குறைந்த கூலி. செராங் என்ற தலைவனே ஆள் சேர்த்தான், முன்பணம் கொடுத்தான், வேலை வாங்கினான். இன்று ஓசூர் ஆலைகளுக்கு ஒப்பந்தக்காரர் வழியே வரும் தொழிலாளர் நிலை எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே முத்துசாமி பல எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடப்பார். பதவிப் பெயர்களோ நமக்கு அந்நியமல்ல. ஏட்டில் 'டிண்டல்' என்று இருப்பது தூத்துக்குடித் தோணிக்காரர்களின் தண்டல்தான். 'சீகன்னி' சுக்கான் பிடிப்பவர், 'பண்டாரி' சமையல்காரர். பெயர் பிழையானாலும் பதவியைக் கொண்டு ஒருவரை ஒரு கப்பலிலிருந்து அடுத்த கப்பலுக்குத் தொடரலாம்.

1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் பங்குகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். 'காலியா', 'லாவோ' கப்பல்களில் கரி அள்ளிப் போட்டவர்களைப் பற்றிப் பேசியது குறைவு. அவர்களைப் பற்றிய ஆய்வு இனியாவது நடக்க வேண்டும்.

ஏடுகள் தவிர மாலுமியின் கையிலும் ஒரு தடயம் உண்டு. தனித்தனிச் சீட்டுகளாக இருந்த பணிச்சான்று பின்னர் ஒரே புத்தகமானது. மாலுமிகள் 'சி.டி.சி.' (தொடர் பணிச்சான்று) என்பது அதைத்தான். வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் கப்பலின் பெயரும் ஏறி இறங்கிய நாள்களும் கையில் கிடைத்த மாதிரி.

அதுவும் இல்லாதவர்களுக்குச் சில வேளை மரணமே தடயமாகிறது. 1940 செப்டம்பர் 17 அன்று 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' மூழ்கடிக்கப்பட்டபோது இறந்த 77 பிரிட்டிஷ் குழந்தைகளை உலகம் நினைவில் வைத்தது. அதே கப்பலில் சுமார் நூறு லஸ்கர்களும் மாண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த ஏறத்தாழ 6,000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவேடுகளாக வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயரோடும் கப்பலின் பெயர் இருக்கிறது. அதிலிருந்து அலுவல் எண்ணுக்கும், எண்ணிலிருந்து கியூவில் உள்ள போர்க்கால ஆட்பட்டியலுக்கும் போகலாம்.