கூடங்குளத்துக்கு வந்த வைரஸ்

வெட்டிய வாட்டில் மரம் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து மறுபடி முளைப்பது நம் கோடைக்கானல்காரர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வைரஸும் அந்த ஜாதிதான் என்பேன்.

1986-இல் லாகூர் சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெயின்' ஃபிளாப்பியில் பரவியது. 2008-இல் வந்த 'கான்ஃபிக்கர்' பென் டிரைவிலும் தொற்றியது. வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் இணையதளங்களையே திறக்க விடாது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள்.

2019-இல் நம் கூடங்குளம். முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. வைரஸ் இருந்தது நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள கம்ப்யூட்டரில்; முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றது.

பென்ஷன் கணக்கு பார்க்கும் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பாடம் இதுதான். ஃபோட்டோ, பத்திர நகல்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்துக் கழற்றி வையுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டை வேறு நல்ல கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். நீக்க நீக்கத் திரும்பி வந்தால், டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே வழி. விதையோடு எடுத்தால்தான் வாட்டில் போகும்.