தேடுவிளக்குப் படையும் யாகி ஆன்டெனாவும்

சிவகாசிப் பக்கத்தில் தீபாவளி இரவில் வானவெடி வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியத் தூள் எரியும்போது கண் கூசும். ஆனால் அப்போது மேலே ஒரு வௌவால் பறந்தால் தெரியுமா? தெரியாது. ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறிவிடுகிறது. இருட்டில் பறப்பதைக் காணவேண்டுமானால் ஒளியைக் கற்றையாகத் திரட்டி அதன்மேலேயே பாய்ச்ச வேண்டும். இதற்கென்றே இரண்டாம் உலகப் போரில் தேடுவிளக்கு ரெஜிமென்ட்டுகள் இருந்தன.

பிரிட்டனில் இவை உருவான விதம் சுவையானது. போருக்கு முந்திய ஆண்டுகளில், துப்பாக்கி பிடித்துப் பழகிய பகுதிநேரக் காலாட்படைகள் சிலவற்றைத் தேடுவிளக்குப் பிரிவுகளாக மாற்றினார்கள். டைனமோவையும் கார்பன் வில்விளக்கையும் இயக்கும் வேலையல்லவா? எனவே பல பிரிவுகள் பொறியாளர் படையில் சேர்க்கப்பட்டன. 1940 ஆகஸ்டில் இவை பீரங்கிப் படைக்கு மாறி, ரெஜிமென்ட் என்று பெயர் பெற்றன. தமிழர் பலர் வாழ்ந்த சிங்கப்பூரின் காவலுக்கும் ஐந்தாம் தேடுவிளக்கு ரெஜிமென்ட் இருந்தது.

ஆள் சேர்ந்துவிட்டது, விளக்கும் வந்துவிட்டது. அதை எங்கே திருப்புவது? இதுதான் பெரிய சிக்கல். முதலில் காதை நம்பினார்கள். பெரிய ஒலிவாங்கிக் குழல்களை வானத்தை நோக்கித் திருப்பி, விமானத்தின் இரைச்சல் எத்திசையிலிருந்து வருகிறது என்று கேட்டார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் 5 கி.மீ. உயரத்தில், மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் செல்கிறது. ஒலி நம்மை வந்தடைய ஏறத்தாழ 15 விநாடி ஆகும். அதற்குள் விமானம் 1.5 கி.மீ. போய்விடும்! ஒன்றரைப் பாகை விரியும் ஒளிக்கற்றையோ அந்த உயரத்தில் சுமார் 130 மீட்டர் அகலந்தான். காது காட்டிய இடத்தில் விளக்கைப் போட்டால் வெறும் வானந்தான் தெரியும்.

இதற்கு விடையாக வந்தது ராடார். சுமார் ஒன்றரை மீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளை அனுப்பி, எதிரொலியைப் பெறும் சிறு ஆன்டெனாக்களைத் தேடுவிளக்கின் மேலேயே பொருத்தினார்கள். இடமும் வலமும், மேலும் கீழும் வரும் எதிரொலிகள் சமமாகும்வரை விளக்கைத் திருப்பினால் போதும். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் செல்வதால் மேற்சொன்ன தாமதம் இல்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கே இந்தத் தேடுவிளக்கு ராடாரைப் பற்றிய கையெழுத்துக் குறிப்பேடு ஒன்று அவர்கள் கையில் கிடைத்தது. அதில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஜப்பானியப் பொறியாளர்களுக்கு அது விளங்கவில்லை. குறிப்பை எழுதிய கைதியையே தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அவன் வியந்துபோய், அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்றானாம்!

ஆம், அந்த ஆன்டெனா 1926-இல் ஜப்பானின் செந்தாய் நகரிலுள்ள தோஹொக்கு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஹிதெத்சுகு யாகி 1928-இல் அதைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். மேல்நாட்டார் படித்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். சொந்த நாட்டு ராணுவம் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னொரு குறையும் உண்டு. ஆராய்ச்சியில் பெரும்பகுதி அவருடன் பணியாற்றிய ஷின்தாரோ உடாவுடையது. ஆங்கிலக் கட்டுரையால் யாகியின் பெயரே நிலைத்துவிட்டது. அந்த உடா 1955-இல் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து, சில ஆண்டுகள் பணியாற்றினார்.

எண்பதுகளில் விருதுநகர் மொட்டைமாடிகளில் மீன்முள் போல நின்ற டி.வி. ஆன்டெனாக்களும் இதே இனந்தான். என் மாணவர்கள் விடைத்தாளில் 'யாகி' என்று மட்டும் எழுதினால், நான் பக்கத்தில் சிவப்பு மையால் 'உடா' என்று சேர்த்துவிடுவேன்.