தலைமாடு தூக்கிய கட்டில்

இடுப்பு வலி மனிதனுக்குப் புதியதல்ல. ஆனால் அதற்கு ‘டிஸ்க்’ காரணமாகலாம் என்று வைத்திய உலகம் கவனித்தது 1934-இல்தான். பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்ற இரு டாக்டர்கள், முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குவதால் காலெல்லாம் வலி ஓடுகிறது என்று எழுதினார்கள். அதன் பிறகு கத்திக்கு நல்ல வேலை கிடைத்தது.

கத்திக்குப் பயந்தவர்கள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். அல்லது டாலஸ் நகரத்து டாக்டர் பால் வில்லியம்ஸ் 1937-இல் வெளியிட்ட பயிற்சியைச் செய்தார்கள். முழங்காலை மார்போடு அணைத்து முன்பக்கம் வளைய வேண்டும். முதுகு பின்னுக்கு வளையலாகாது என்பது அவர் கட்சி. வெகு காலம் அது வேதவாக்காக நின்றது.

அதற்குப் பங்கம் வந்தது 1956-இல், நியூஸிலாந்தின் வெல்லிங்டனில். அதுவும் ஒரு கவனக்குறைவால். ராபின் மெக்கென்ஸி என்ற இளம் பிஸியோதெரபிஸ்டிடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஸ்மித் என்றே அவரைக் குறிப்பிடுகிறார்கள். முதுகிலிருந்து முழங்கால்வரை வலி. மூன்று வாரமாகியும் குணமில்லை. அன்று அவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார் மெக்கென்ஸி. முந்திய நோயாளிக்காகத் தூக்கிய கட்டிலின் தலைமாட்டை யாரும் இறக்கவில்லை. ஸ்மித் கேள்வி கேட்காத மனிதர் போலிருக்கிறது. முதுகு பின்னுக்கு வளைய, அப்படியே கிடந்தார். ஐந்து நிமிஷம் கழித்து வந்த மெக்கென்ஸிக்குத் திக்கென்றது. ஸ்மித்தோ, பல வாரங்களாக இவ்வளவு சௌக்கியமாக இருந்ததில்லை என்றார்! கால்வலி போயிருந்தது. ஒரு பக்கமிருந்த முதுகுவலி நடுவுக்கு நகர்ந்திருந்தது. மறுநாளும் அதே கிடை; அதுவும் போயிற்று.

வேறொருவராயிருந்தால் கட்டிலை இறக்கிவிட்டு, தப்பித்தோம் என்று மறந்திருப்பார். மெக்கென்ஸி அதையே பிடித்துக்கொண்டார். வலி காலைவிட்டு முதுகின் நடுவுக்கு ஏறினால் நல்ல அறிகுறி என்று கண்டார். 1980-இல் நோயாளிகள் வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு சிறு புத்தகமும் எழுதினார். தொழில் ரகசியத்தைப் புத்தக விலைக்குக் கொடுக்க எத்தனை வைத்தியருக்கு மனசு வரும்?

படுக்கைக்கும் 1986-இல் மதிப்புக் குறைந்தது. அமெரிக்காவில் டெயோ என்ற டாக்டரும் சகாக்களும் சோதித்தபோது, இரண்டு நாள் படுக்கச் சொன்னவர்கள் ஏழு நாள்காரர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள்.

இன்று இந்தப் பயிற்சிகளெல்லாம் கைப்பேசியில் வருகின்றன. கூடத்தில் பாயை விரித்தால் போதும். ஆனால் ஸ்மித்தை ஐந்து நிமிஷம் கழித்தாவது ஒருவர் வந்து பார்த்தார். கைப்பேசிப் படம் நம்மைப் பார்ப்பதில்லை. வளையும்போது வலி காலுக்கு இறங்கினால் நாமேதான் நிறுத்த வேண்டும். கால் பலம் குன்றினாலோ, சிறுநீர் கட்டுக்கு அடங்காவிட்டாலோ, பாயைச் சுருட்டிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.