டீக்கடை முதல் தள்ளுவண்டி வரை: உணவு விற்கும் உரிமையின் வரலாறு

ஹோட்டலுக்குள் நுழையும் உரிமைக்காக நடந்த போராட்டங்களை நாம் அறிவோம். இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டங்களையும் அறிவோம். இவை வாங்கிச் சாப்பிடுகிறவரின் உரிமை பற்றியவை. சமைத்து விற்கிறவரின் உரிமை பற்றி நம் கூட்டங்களில் குறைவாகவே பேசுகிறோம். ஒரு தலித் சமைத்ததை ஊரார் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டால் தீட்டுக் கோட்பாட்டின் அடிமடியிலேயே கை விழுகிறது. தள்ளுவண்டிக்கான சான்றிதழ், சுகாதார விதி ஆகியவற்றின் வரலாற்றை நம் மாணவர்கள் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

கோலாப்பூர் டீக்கடை

கோலாப்பூர் சமஸ்தானத்தின் மன்னர் சாகு மகராஜ், 1902-இல் அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 விழுக்காடு ஒதுக்கியவர். அவரது அரண்மனைப் பணியாளர்களில் ஒருவர் கங்காராம் காம்ப்ளே. மகர் சமூகத்தவர். சாதி இந்துக்களின் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார் என்று அவரை அடித்தார்கள். அடித்தவர்களைத் தண்டித்த சாகு, கங்காராமைச் சொந்தத் தொழில் தொடங்கச் சொன்னார். கங்காராம் கோலாப்பூரில் டீக்கடை போட்டார். கடையில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் சாதி இந்துக்கள் யாரும் வரவில்லை. மகர் கையால் போட்ட டீ என்பதே காரணம். பிறகு சாகு மகராஜே தன் பரிவாரத்தோடு வந்து அங்கே டீ குடிக்கத் தொடங்கினார். மன்னர் குடிக்கும்போது உடன் வந்தவர்கள் எப்படி மறுப்பது? அவர்களும் குடித்தார்கள்.

சாகு 1922-இல் மறைந்தார். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மன்னர் வந்து டீ குடிக்க முடியாது. அந்த இடத்தில் சட்டம் வந்து நிற்க வேண்டியிருந்தது. அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம், ஒருவர் தொழிலோ வணிகமோ செய்வதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதுவே 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. தானாக வாங்காமல் போகிறவரைச் சட்டம் ஒன்றும் செய்யாது. ஊர் கூடி ‘அந்த வண்டியில் வாங்காதே’ என்று கட்டுப்பாடு போட்டால் அது வழக்கு.

தெரு யாருக்கு?

சாதிக்கு எதிரான சட்டங்கள் ஒரு பக்கம் வளர்ந்தன. தெருவைப் பற்றிய சட்டங்களோ வியாபாரியைத் தொல்லையாகவே பார்த்தன. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 283ஆவது பிரிவில், பொதுவழியை மறிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்றது. நிலமில்லாதவர், கடை வாடகைக்குக் கிடைக்காதவர், சேரியிலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்தவர் ஆகியோருக்குத் தெருவை விட்டால் வேறு இடம் ஏது? அவர்கள் பிழைப்பு அபராதத்துக்கும் மாமூலுக்கும் நடுவே ஓடியது.

1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தெருவில் வியாபாரம் செய்வது 19(1)(ஜி) பிரிவின்கீழ் அடிப்படை உரிமை, அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றது. அந்த உரிமை தனிச் சட்டமாக வர மேலும் 25 ஆண்டுகள் ஆயின. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியவை சில உண்டு. கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 3(3) பிரிவு. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும். சான்றிதழ் தருவதிலும் இவர்களுக்கு முன்னுரிமை தர வழி செய்யலாம் என்கிறது 7ஆவது பிரிவு. பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பொருளை, கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.

சுத்தமும் தீட்டும்

உணவு வண்டிக்கு இன்னொரு காகிதமும் வேண்டும். 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். அதன் விதிகள் 2011-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வியாபாரிக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும், ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய் என்று வைத்தார்கள். குடிக்கத்தக்க தண்ணீர், மூடி வைத்த உணவு, மூடியுள்ள குப்பைத் தொட்டி, வெட்டிய நகம், தொற்றுநோய் இல்லாத உடல் ஆகியவை அதன் சுகாதார நிபந்தனைகளில் முக்கியமானவை.

இந்த விதிகளை நாம் எதிர்க்கவில்லை. கெட்டுப்போன உணவு முதலில் வயிற்றைக் கெடுப்பது உழைக்கும் ஏழைகளுக்குத்தான். நாம் எதிர்ப்பது, சுகாதாரத்தின் பேரில் தீட்டு உள்ளே நுழைவதை. சுத்தத்தை அளக்கலாம்: தண்ணீரைச் சோதிக்கலாம், கையைப் பார்க்கலாம். தீட்டை அளக்க எந்தக் கருவியும் இல்லை. பிறப்பு ஒன்றைத்தான் அது கேட்கும். 2018-இல் திருப்பூர் மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். சமையலறை சுத்தமாக இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை. அது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில், காவடி யாத்திரை செல்லும் வழியிலுள்ள உணவுக் கடைகளும் வண்டிகளும் உரிமையாளர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்த நாட்டில் பெயரைக் கேட்டால் மதமும் சாதியும் சேர்ந்தே வரும். உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது: என்ன உணவு என்று எழுதலாம், பெயரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

பெரும்பாலான வியாபாரிகளுக்கு 3(3) பிரிவு தெரியாது. வண்டியைத் தூக்க வருகிறவர் அதைச் சொல்லப் போவதும் இல்லை. எனவே கல்லூரித் தோழர்கள் தங்கள் பகுதித் தள்ளுவண்டிகளுக்குச் செல்லுங்கள். கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா, விற்பனைச் சான்றிதழ் உண்டா, உணவுப் பாதுகாப்புப் பதிவு உண்டா என்று கேளுங்கள். இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நகராட்சியில் தகவல் உரிமைச் சட்டப்படி மூன்று கேள்விகள் கேளுங்கள்: கடைசிக் கணக்கெடுப்பு எப்போது? நகர விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் எப்போது நடந்தது? அதில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் எத்தனை பேர்? வரும் பதிலை வைத்து அடுத்த மனுவை எழுதுங்கள்.

முடிந்ததும் அந்த வண்டியிலேயே நின்று சாப்பிடுங்கள், நண்பர்களையும் அழைத்துக்கொண்டு போய். சாகு மகராஜ் செய்ததும் அதுதான்.